ஒன்பது வோற்ஸ்

மரியறோசா குமிழை மேசையில் வைத்த வேகத்தில்
அதன் வெள்ளைத் தொப்பி ஒருதரம் ஆடி நின்றது.
"உன்ர லைற் என்ர மீனைக் கொல்லுது பிள்ளை.
ராவு வலையில பட்ட விளைமீன்,
உதுக்குக் கீழ வைச்சால்
முந்தநாள் செத்ததுபோலக் கிடக்குது."

ஸ்ரான்லி வீதியில் பதினொரு வருசமாக
வெளிச்சம் விற்கிறேன்.
மீனைக் கொன்ற வழக்கு இதுதான் முதல்.

"எத்தினை வோற்ஸ் அக்கா?"
"பன்ரண்டு. பெரிசாத் தா எண்டு கேட்டன், தந்தாய்."

வோற்ஸ் என்பது குமிழ் தின்னும் சோறு.
செய்யும் வேலைக்குப் பெயர் வேறு, லுமென்.
ஒரே சோற்றைத் தின்றுவிட்டு
ஒருவன் கிணறு இறைப்பான்
ஒருவன் கால்நீட்டிக் கிடப்பான் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
அவளுக்கு வேண்டியது கணக்கில்லை, சிவப்பு.

பெட்டியின் பக்கவாட்டில், எறும்பு எழுத்தில்
இன்னுமோர் எண் இருக்கும்.
வெயிலில் தெரியும் நிறத்தை
வெயிலைப்போலவே காட்டினால் நூறு.
அவள் கொண்டுபோனது எழுபது.
எழுபதில் செவுள் மண்ணிறமாகிவிடும்.

தொண்ணூறைப் பூட்டி ஆளியை அமத்தினேன்.
சாட்சிக்கு மீனையே கொண்டுவந்திருந்தாள்!
உதயன் பேப்பரைப் பிரித்து
பெருவிரலால் செவுளை விரித்தாள்.
செவ்வரத்தை.
"உடன்மீன்," என்றாள்,
கோட்டில் நிரூபித்துவிட்டவள்போல.
விலையைச் சொன்னேன்.
மீன் மறுபடி பேப்பருக்குள் போனது.

பிறகு குமரகுலசிங்கத்தார்,
புடவைக்கடைக்கு "நல்ல வெள்ளை" கேட்டு.
ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின்.
அந்த வெள்ளையில் மாம்பழமஞ்சள் கூறை
எலுமிச்சையாகி
வீதிக்கு வந்ததும் திரும்பி வந்து சண்டைபிடிக்கும்.
சொன்னேன். கேட்கவில்லை.
நகைக்கடைக்காரர்கள் விவரமானவர்கள்,
மூவாயிரத்துக்கு மேல் தொடமாட்டார்கள்;
எண் இறங்க இறங்க மஞ்சள் ஏறும்,
பவுணும் ஏறினமாதிரி இருக்கும்.

ஸ்காபரோவில் இருந்து ஒரு ஃபோன்.
கொக்குவில் வீட்டு முற்றத்துக்கு
ஆள் நடந்தால் எரிகிற லைற் வேண்டுமாம்.
அங்கே ஆள் நடப்பதில்லை.
பூட்டிக் கொடுத்தேன்.
ஒழுங்கையில் திரியும் பெட்டைநாய் ஒன்று
இரவில் நாலைந்து தரம் அந்த வீட்டை எழுப்புகிறது.

ஏழு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு
செத்த குமிழ்களின் கூடையை இழுத்தேன்.
இருபத்தையாயிரம் மணித்தியாலம் என்று
பெட்டியில் இருக்கும்.
மூடின கண்ணாடிக் கூட்டுக்குள் மாட்டினால்
அதில் பாதியும் வராது.
இந்தக் குமிழுக்கு முகம் குளிர், கழுத்துச் சுடும்.
அந்தச் சூடு போக வழி வேண்டும்,
அவ்வளவுதான் இதன் வைத்தியம்.

தொப்பியைக் கழற்றினால்
தகட்டில் பத்து மஞ்சள் மணிகள்.
ஒன்றின் நடுவில் மட்டும்
ஊசிமுனை அளவு கறுப்பு.
பத்தும் ஒரே வரிசையில் கைகோத்து நிற்பதால்
ஒன்று விட்டால் ஒன்பதும் இருட்டு.
பழுதில்லாத ஒன்பது.

கறுத்ததன் மேல் ஒரு துளி ஈயம் உருக்கிவிட்டேன்.
கறண்ட் அதைத் தாண்டிப் போயிற்று.
எரிந்தன,
போனதின் பங்கையும் சேர்த்து இழுத்து
முந்தியைவிடக் கொஞ்சம் கூடச் சுட்டபடி.
நெடுநாள் வராது. தெரியும்.
இதை விற்கக் கூடாது.

மார்க்கரால் கழுத்தில் எழுதினேன்:
உத்தரவாதம் இல்லை.
தொண்ணூறில் ஒன்றைப் புறம்பாக எடுத்துவைத்து
அதில் மட்டும் விலை எழுதவில்லை.
நாளைக்குச் சந்தை முடிய
அவள் இந்தப் பக்கம் வருவாள்.

ஒன்பது மணிக்காரனைப்
பின்படிக்கட்டில் பூட்டினேன்.
ஆறு மாதமாக நான் தடவி இறங்கும் படிகள்.
கடைசிப் படி உடைந்திருப்பதை
அப்போதுதான் கண்டேன்.